பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை சுற்றி வர வேண்டும். டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், குனிந்து கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஸ்டார்ட் செய்வது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் என் சர்வீஸ் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். ரிட்டையர் ஆன பிறகு சுற்றிப் பார்க்க வண்டி இல்லை. போன மாசி மாசம் என் வீட்டின் பின் அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

காரணம் என் மகள். ஒரே மகள். தாம்பரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் கை நிறைய வளையலோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வளைகாப்பு நடந்தது. நானும் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆனால் திரும்பும்போது தனியாகத்தான் திரும்பினேன். என் மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அம்மா இல்லாத வீட்டை அம்மா வீடு என்று எப்படிச் சொல்வது என்பதில் சம்பந்தி வீட்டாருக்குச் சந்தேகம்.

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. வாசல்வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்க வீட்ல பொம்பளன்னு யாரும் இல்ல. நாளைக்குக் குழந்தையோட வந்து எறங்கினா வாசல்ல ஒரு ஆரத்தி சுத்தக்கூட ஆள் இல்லியே."

ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பதில் சொல்லிப் பழகியவன் நான். அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். செங்கல்பட்டில் ரயில் இறங்கி பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது. ஆரத்தி சுற்ற ஆள் இல்லாவிட்டால் என்ன, நல்ல அறை ஒன்று இருக்கிறதே! இது என்ன பதில் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அன்று அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

மகளைக் கேட்டால், "ஒன்பதாம் மாசம் ஆவட்டும் நைனா, பாக்கலாம்" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தப் 'பாக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அறையை ஒழுங்காகச் செய்து காட்டினால் வருவாள். அவளை எப்படியாவது இந்த வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். எனக்கு அப்போது அதைத் தவிர வேறு எண்ணமே இல்லை.

ஃபோனில் பேசி அழைக்கலாமே என்றால், எங்கள் ஃபோன் பேச்சு அவ்வளவு நீளம் கிடையாது. "சாப்ட்டியா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு. அங்க மழையா?" "இல்ல." அத்தோடு முடிந்துவிடும். முன்பு அவள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, ஃபோனை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நிற்பேன். எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன்.

சரி, அறை. அது முன்பு நானும் மனைவியும் படுத்த அறை. அவள் கடைசி நாட்களும் அங்கேதான் கழிந்தன. அதற்கப்புறம் நான் கூடத்தில் டி.வி.க்கு எதிரே பாயைப் போட்டுவிட்டேன். அறைக்குள் நெல் மூட்டை வந்தது, யூரியா மூட்டை வந்தது, இறக்கை உடைந்த டேபிள் ஃபேன் வந்தது, கிழிந்த கோணிகள் வந்தன. வேண்டாத சாமான் உள்ளே போவதற்கு ஒரு கதவு திறந்தால் போதும், தானாகவே ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் நாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றேன். வண்டியிலும் முதலில் மூக்குதான் வேலை செய்யும். நெல்லுத் தூசி வாசனை, பாச்சை உருண்டை, ஈரச் சுவர். இவை எல்லாவற்றுக்கும் அடியில் வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. மூன்று வருஷம் தைலம் தங்குமா? தங்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வேலை அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டேன். காலி ஆன அறை பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன். இன்னும் சின்னதாகத்தான் தெரிந்தது. ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். கிழக்கு மூலைக்கு ஓடி அங்கேயே தேங்கியது. சிவப்பு சிமெண்ட் தரை, தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகக் கிடந்தது. காலை நனைத்துக்கொண்டு அதன்மேல் நடந்து பார்த்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி நடக்கிற மாதிரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்தேன். வழுக்கியது. யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள்.

சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனேன். பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் 'தொப்' என்று சத்தம் வரும். ஏரிப் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு 'தொப்'தான். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் கீழிருந்து தண்ணீர் குடிக்கும். மாசி வெயிலுக்குப் பிறகுதான் காயும். ஜன்னல் ஒன்றே ஒன்று. அது பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்தது. கொசுவலை அடிக்க வேண்டும். வெளிச்சம் எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள நடுவில் ஒரு நாற்காலி போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மேல்தான் வெயில் எட்டிப் பார்த்தது. பிறந்த குழந்தைக்கு இளவெயில் வேண்டும் என்பார்கள். முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அப்படிச் சொன்னது அந்த நாள் முழுக்க நான் பேசிய ஒரே பேச்சு.

அண்ணாந்து பார்த்தபோதுதான் கொக்கி கண்ணில் பட்டது. என் மகளுக்குத் தூளி கட்டிய இரும்புக் கொக்கி. துரு ஏறியிருந்தது. தாங்குமா? பிள்ளைக்கு என்ன கனம் இருக்கப் போகிறது என்று விட முடியவில்லை. பிரேக்கை வெறுமனே பார்த்துவிட்டு வண்டி எடுக்கிறவன் டிரைவரே இல்லை. பீரோவைத் திறந்து என் மனைவியின் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்தேன். தூளி கட்டி, அதற்குள் அரை மூட்டை நெல்லைத் தூக்கி வைத்து ஆட்டிவிட்டேன். கொக்கி 'கிரீச்' என்றதே தவிர அசையவில்லை. ஒரு நாள் முழுக்கத் தொங்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று விட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, நெல்லு மூட்டைக்குத் தாலாட்டா?"

"ஆமா. அழுவுது. வந்து ஒரு பாட்டு பாடிட்டுப் போ" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் இன்னும் இரண்டு முறை ஆட்டிவிட்டேன். அறையில் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருப்பது நன்றாகத்தான் இருந்தது.

ஃபோனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். ஜன்னல், கொக்கி, தரை. நேரில் சுமாராக இருந்த அறை போட்டோவில் லாக்கப் மாதிரி விழுந்திருந்தது. அனுப்பிய பிறகுதான் அது தெரிந்தது. அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வருவாளா மாட்டாளா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன்.

என்ன அடிப்பது என்று அடுத்த கேள்வி. கடையில் போனால் பெயின்ட் டப்பாவைத்தான் நீட்டுவார்கள். கூடத்தில் அப்படித்தான் ஒருமுறை அடித்து, இரண்டு மழைக்காலத்தில் அப்பளம் பொரிந்த மாதிரி பொரிந்து கொட்டியது. போதாததற்கு அந்த வாடை. பிரசவம் ஆன பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆகாது. ஈரம் குடிக்கும் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. ஆள் வைக்கலாம்தான். ஆனால் ஆள் வந்தால் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம் நான் என்ன செய்வது? பீப்பாயில் சுண்ணாம்பைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அது கொதித்து அடங்கும்வரை எட்ட நின்று பார்த்தேன். மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் போட்டுக் கலக்கி, பிரஷ்ஷோடு உள்ளே போனேன்.

மூன்று சுவர் முடிந்தது. நான்காவது சுவரில் பீரோ நின்றது. அதன் ஒரு காலைத் தூக்கி, அடியில் கோணியைக் கொடுத்து, மெல்ல மெல்ல இழுத்தேன். பின்னால் அந்த மஞ்சள் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அந்த மஞ்சள் கண்ணில் படக் கூடாது என்றுதான் பீரோவை அங்கே தள்ளி வைத்தேன். எங்கள் குடும்பங்களில், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணை 'பூவாடைக்காரி' என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குத்தான் படையல். சுவரில் மஞ்சளைச் சதுரமாகப் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, எதிரே புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, அவள் வந்து வாழ்த்திவிட்டுப் போன பிறகுதான் பந்தக்கால். என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய அம்மாவே பூவாடைக்காரி. சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நிற்க, கல்யாணப் பெண்ணே தன் கையால் மஞ்சளைக் குழைத்து அந்தச் சுவரில் பூசினாள். சதுரத்தின் ஓரத்தில் அவளுடைய விரல் தடம் இன்னும் தெரிந்தது. வெயில் படாமல் இருந்ததால் மஞ்சள் அன்றைக்குப் பூசியது போலவே இருந்தது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். தெய்வம்தான், ஆனாலும் பிள்ளை பெற வரும் அறையில் செத்தவளை நினைவுபடுத்தும் அடையாளம் இருக்கலாமா? சம்பந்தியம்மா வந்து பார்த்தால் அதற்கும் ஒன்று சொல்வார். சரி, சுண்ணாம்பு அடித்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். மனசுக்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பிரஷ்ஷை முக்கி, சதுரத்தின்மேல் இழுத்தேன்.

சுவர் சிவந்தது.

பிரஷ் போன வழியெல்லாம் ரத்தச் சிவப்பு. பதறிப்போய் இன்னொரு முக்கு முக்கி அதன்மேல் இழுத்தேன். இன்னும் சிவந்தது, கீழே ஒழுகவும் ஆரம்பித்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான். இரண்டு அடி பின்னால் போனேன். எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டி ரோட்டில் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை. கோபித்துக்கொண்டாளா? என்மேல் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, நிறைமாசத்தை நோக்கிப் போகிற பெண்மேல் ஏதாவது வந்துவிட்டால்? "அவ மேல கோவம் வேணாம். நான்தான் பண்ணேன்" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கட்டையில் இருந்த ஃபோன் அடித்தது. மகள். சுண்ணாம்புக் கையால் எதையோ அழுத்தினேன், அவள் முகம் வந்துவிட்டது. முகம் உப்பியிருந்தது. நல்ல உப்பலா கெட்ட உப்பலா என்று சொல்ல வீட்டில் ஒரு பெண் இல்லை.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற? மூஞ்செல்லாம் வெள்ளையா கீது."

"சும்மாமா. சுவரு."

"பின்னாடி இன்னா அது? செவப்பா?"

"ஒன்னும் இல்ல. காவி." சொல்லிக்கொண்டே சதுரத்தை மறைத்து நின்றேன். கல்யாண போட்டோவுக்குக்கூட நான் அவ்வளவு நேராக நின்றதில்லை.

"நைனா, நகரு."

நகர்ந்தேன். வேறு வழியில்லை. அவள் திரையில் முகத்தைக் கிட்டே கொண்டு வந்து பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மஞ்ச மேல சுண்ணாம்பு அடிச்சியா? செவக்காம இன்னா பண்ணும்? ஆரத்தி வேற எப்பிடி கலக்கறாங்களாம்?"

"குங்குமம் இல்லியா அது?"

"அய்யோ நைனா! மஞ்சத் தண்ணில துளி சுண்ணாம்பு போட்டா அவ்ளோதான், செவந்துடும். இத்தினி வருசம் உனக்கு எவ்ளோ பேரு சுத்தியிருக்காங்க!"

சுற்றியிருக்கிறார்கள். கல்யாணத்தில், புது வீடு வந்தபோது, ஒரு விபத்தில் தப்பி வந்தபோது என் மனைவி வாசலிலேயே நிறுத்தி. ஒவ்வொரு முறையும் நான் நேராகப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். அந்தத் தட்டு சமையலறையிலிருந்து சிவப்பாகவே வரும். அது எப்படிச் சிவந்தது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "அது நான் பூசினது இல்ல?"

"ஆமா."

சதுரத்தின் ஓரத்தில் இருந்த விரல் தடம் அவளுக்குத் தெரியும்படி ஃபோனைக் கிட்டே கொண்டுபோனேன். 

"நைனா, நான் பிரசவத்துக்கு வரல."

"ம்."

"அத்த சொன்னாங்கன்னு இல்ல. பிரஷர் கொஞ்சம் ஏறுதுன்னு டாக்டர் சொல்றாங்க. திடீர்னு வலி வந்தா நீ ஒருத்தன் இன்னா பண்ணுவ? எனக்கே பயமா கீது." அவள் குரல் இறங்கியது. "அம்மா இருந்திருந்தா இன்னா ஆனாலும் வந்திருப்பேன்."

 அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம், கோபம் எனக்குச் சுலபமாக வரும். நான் தரையையும் கொக்கியையும் பார்த்தேன், தட்டிப் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். அவள் தேடியது அந்த அறையில் இல்லை, நான் என்ன அடித்தாலும் அது வரப்போவதும் இல்லை.

"சரிமா. ஒடம்பப் பாத்துக்க" என்றேன்.

"கொழந்தைக்கு மூணு மாசம் ஆனதும் தூக்கிக்கினு வர்றேன். கண்டிப்பா. அந்தச் செவப்பு மேல இன்னொரு தபா அடிக்காத, அப்பிடியே வுட்டுடு. நான் வந்து எறங்கறப்ப வாசல்ல நீயே ஆரத்தி சுத்து."

"ஆம்பள சுத்தலாமா?"

"யாரு கேக்கறது? அதான் கலக்கக் கத்துக்கினியே."

ஃபோன் வைத்த பிறகு மீதிச் சுவரை முடித்தேன். சதுரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றிலும் அடித்தேன். காயக் காயச் சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. சில நாளில் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிட்டது, கொஞ்சம் வெளுப்பாக. கூடத்தில் இருந்த என் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போட்டேன். சுண்ணாம்பு வாசனையில் தைல வாசனை போய்விட்டது. போக வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். போனதும் அது இல்லையே என்று இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து அதில் கலக்கினேன். சொன்னபடியே சிவந்தது. எதிரே யாரும் இல்லாமல் எப்படிச் சுற்றுவது? தூளியில் இன்னும் அந்த நெல் மூட்டைதான் இருக்கிறது. இறக்க மனசு வரவில்லை. அதற்கு எதிரே நின்று தட்டைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா? எத்தனை சுற்று? எதிரில் நின்றவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் மாட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் வாசலில் ஊற்றினேன். இன்றைக்கு மகளுக்கு ஃபோன் செய்து, "சாப்ட்டியா" என்று கேட்ட பிறகு, கேட்பதற்கு ஒரு விஷயம் இருக்கிறது.